அட்டைக்கடியா, சேத்துப்புண்ணா, வேறொன்றா? தோட்டத்துக் கால்களின் வரலாறு

பல்லேகல என்று சொன்னால் ஆளுக்கொரு ஞாபகம் வரும். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு 2009-இல் திறந்த மைதானம். இன்னும் சிலருக்கு, போகம்பரையிலிருந்து இடம் மாறி வந்த சிறைச்சாலை. வேலை தேடி அலைகிறவர்களுக்குக் கைத்தொழில் பேட்டை. இதெல்லாம் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே இந்தத் தும்பறைப் பள்ளத்தாக்கு கோப்பித் தோட்டம், பிறகு கொக்கோத் தோட்டம். ஜமெய்க்காவில் தோட்டத் தொழில் பழகிவிட்டு 1837-இல் இலங்கைக்கு வந்த ஆர். பி. டைட்லர் என்ற துரைதான், மேற்கிந்தியத் தீவுகளின் நடவு முறையை இங்கே கொண்டுவந்தவர் என்று தோட்ட வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். அந்த முறை எப்படிப்பட்டது, எத்தனை ஏக்கர், எத்தனை அந்தர் என்று பக்கம் பக்கமாகக் கிடைக்கிறது. அந்த ஏக்கர்களை மிதித்த கால்களைப் பற்றித் தேடினால் ஒன்றிரண்டு வரிதான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் வைத்தியர்கள் எழுதியது.

அந்த ஒன்றிரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களில் ஒருத்தியின் அம்மாயிக்குப் போன வருசம் கெண்டைக்காலில் கொப்புளம் வந்தது. முதலில் பல வாரம் வெறும் அரிப்பு. அப்புறம் திராட்சைப்பழம் அளவில், தண்ணி கோர்த்து, தொட்டால் கெட்டியாக நிற்கிற கொப்புளங்கள். வீட்டில் அட்டைக்கடி என்றார்கள். பக்கத்து வீட்டில் சேத்துப்புண் என்றார்கள். மருந்து கொடுத்தவர் 'சீனி வருத்தக்காரர் கால், அப்படித்தான்' என்று சொல்லிக் கிருமிக்கொல்லி மாத்திரை எழுதி, இறுக்கிக் கட்டும் போட்டு அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து, கொப்புளம் தொடைக்கும் வயிற்றுக்கும் ஏறின பிறகுதான் தோல் வைத்திய நிபுணர் ஒருவர் பார்த்துப் பெயர் சொன்னார்: பெம்பிகாய்ட். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குகிற நோய்.

எங்களுக்கு உறைத்தது அந்தப் பெயர் அல்ல. அதற்கு முன்னால் வந்த மூன்று பெயர்கள். அட்டை, சேறு, சீனி. ஒரு தோட்டத்துக் காலில் புண் என்றால் சொல்வதற்குப் பெயர் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இருநூறு வருசம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் அட்டை. 1817-இல் ஊவாவில் தொடங்கிய கண்டிக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர்கள் மலைக்குள் படை அனுப்பினார்கள். அந்தப் படையில் மதராஸ் சிப்பாய்களும், பாதை வெட்டுகிறவர்களும், சுமை தூக்கும் கூலிகளும் இருந்தார்கள். அட்டைக்கடியால் அவர்களில் பலர் செத்தே போனார்கள் என்று அந்தக் காலத்துப் படை வைத்தியர்களான மார்ஷல், டேவி இருவரையும் சாட்சிக்கு வைத்து, எமர்சன் டெனன்ட் 1861-இல் வெளியான இலங்கை இயற்கை வரலாற்று நூலில் எழுதுகிறார். அட்டை கடித்து ஆள் சாவானா என்று கேட்கத் தோன்றும். அட்டை தன் எச்சிலில் இரத்தம் உறையாமல் செய்கிற பொருளை இறக்குகிறது. கடி அரிக்கும், சொறிவோம், சொறிந்த இடத்தில் கிருமி ஏறும். நல்ல சாப்பாடு உள்ளவனுக்கு ஒரு வாரத்தில் ஆறிவிடும். அரைவயிற்றோடு, ஈரத்தில், ஓய்வில்லாமல் நடக்கிறவனுக்கு அது புண்ணாகி, அழுகி, காலையே கொண்டுபோகும். கொன்றது அட்டை என்று எழுதுவது சுலபம். பசியும் நடையும் என்று எழுதினால் யார் நடக்க வைத்தது என்ற அடுத்த கேள்வி வந்துவிடும்.

அதே நூலில் இன்னொரு விவரம்: துரைமார் அட்டைக்காகத் தனியாகத் தைத்த காலுறை போட்டார்கள். மற்றவர்கள் எண்ணெய், புகையிலைச் சாம்பல், எலுமிச்சம் சாறு என்று பூசிக்கொண்டார்கள். பல்லேகலப் பக்கம் வெயில் அதிகம், அட்டை அவ்வளவாகக் கிடையாது. நக்கிள்ஸ் மலைப் பக்கம் ஏறினால் இன்றைக்கும் சவர்க்காரக் கட்டியைக் காலில் தேய்த்துக்கொண்டுதான் போகிறோம். இருநூறு வருசத்தில் எலுமிச்சம் சாறு சவர்க்காரமானதுதான் முன்னேற்றம்.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். நூற்றைம்பது மைலுக்குக் குறையாத நடை, பெரும்பாலும் வெறுங்காலோடு. 1841-க்கும் 1848-க்கும் இடையில் 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று 1849-இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை கணக்குச் சொன்னது. அந்த எண்ணைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாட வேண்டியிருப்பதே ஒரு செய்திதான். ஏற்றுமதியான கோப்பியின் எடையை அந்தர் கணக்கில் எழுதி வைத்த அரசு, செத்தவர்களை எண்ணி வைக்கவில்லை.

வந்து சேர்ந்தவர்களில் வேலைக்கு லாயக்கில்லை என்று ஆனவர்களைத் தோட்டங்கள் வெளியே தள்ளின. கம்பளை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் வான் டோர்ட், இப்படித் தள்ளப்பட்டு வந்து சேர்ந்த நோயாளிகளைப் பற்றி 1869-இல் எழுதினார். அதற்குப் பிறகுதான் 1872-இல் மருத்துவத் தேவைகள் சட்டம் என்று ஒன்று வந்தது. 1880-களில் திருத்தினார்கள், 1912-இல் புதிதாகவே எழுதினார்கள். தோட்டத்து ஆளுக்கு வைத்தியம் கொடுப்பது தோட்டத்தின் பொறுப்பு என்பது அதன் சாரம். நல்லதுதான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. மற்ற எல்லாருக்கும் அரசாங்க ஆஸ்பத்திரி, தோட்டத்தானுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி என்று வைத்தியம் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பிரிவு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

இனி சேறு. இந்தப் பகுதியை நாங்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், ஏனென்றால் தோட்டத்துக் காலில் வந்த ஒரு கொப்புளத்தை விஞ்ஞானம் ஒழுங்காகப் பார்த்த ஒரே சந்தர்ப்பம் அநேகமாக இதுதான்.

மழைக்காலத்தில் சேற்றில் வெறுங்காலோடு நின்று வேலை செய்கிறவர்களுக்கு விரலிடுக்கில் தாங்க முடியாத அரிப்பு வரும். பிறகு சின்னச் சின்னக் கொப்புளம், பிறகு சீழ். நம்ம ஊரில் சேத்துப்புண். அசாம் தேயிலைத் தோட்டங்களில் அதற்குப் பெயர் 'பானி காவ்', அதாவது தண்ணிப்புண். சேற்றில் உள்ள ஏதோ நச்சு, அழுக்கு, கூலிகளின் சுத்தமின்மை என்றெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1890-களின் இறுதியில் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, கொக்கிப்புழுவின் குஞ்சுகள் இருந்த தண்ணீரைத் தவறிப்போய்த் தன் கையில் சிந்திக்கொண்டார். அந்த இடம் எரிந்து அரித்தது. சில வாரம் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டை. வாய் வழியாக மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்த புழு தோலைத் துளைத்தும் உள்ளே போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அசாம் தோட்டத்தில் வைத்தியராக இருந்த சி. ஏ. பென்ட்லி 1902-இல் அடுத்த முடிச்சைப் போட்டார்: பானி காவ் என்பது அந்தப் புழுக்குஞ்சு பாதத்தைத் துளைக்கும் இடத்தில் வருகிற புண்தான்.

இதன் அர்த்தத்தை யோசிச்சுப் பாருங்க. காலில் வந்த கொப்புளம் ஒரு வாசல். அதற்குள் நுழைந்த புழு இரத்தம் வழியாக நுரையீரலுக்கும் அங்கிருந்து தொண்டை வழியாகக் குடலுக்கும் போய், அங்கே உட்கார்ந்து வருசக்கணக்கில் இரத்தம் குடிக்கும். கொப்புளம் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆனால் சோகை ஆறாது. முகம் வெளுத்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி, 'சோம்பேறி' என்று பெரட்டுக்களத்தில் பேச்சு வாங்கிய எத்தனையோ பேருக்கு நோய் பாதத்தில்தான் தொடங்கியது. இலங்கையில் பிரதான சிவில் வைத்திய அதிகாரியாக இருந்த கின்சி, 'பெரிபெரி' என்று எழுதப்பட்டுவந்த இந்தச் சோகைக்குப் பின்னால் கொக்கிப்புழு இருக்கிறது என்று 1887-இலேயே அறிக்கை கொடுத்திருந்தார். கொழும்பில் தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். தோட்டத்தில் கக்கூஸ் கட்டவில்லை.

கட்டச் சொன்னது வெளியிலிருந்து வந்தவர்கள். அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916-இல் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது மாத்தளைத் தோட்டங்களை. தும்பறையிலிருந்து மலையைத் தாண்டினால் அந்தப் பக்கம். சோதித்துப் பார்த்தால் அநேகமாக எல்லாருக்கும் புழு. செனப்போடியம் எண்ணெய் கொடுத்தார்கள், பேதிக்கு உப்பும் சேர்த்து. அந்த எண்ணெய் அளவு கொஞ்சம் கூடினால் விஷம். மருந்து கொடுத்துப் புழுவை இறக்கினாலும், லயத்தைச் சுற்றிய மண் அப்படியே இருந்தால் அடுத்த மழையில் மறுபடியும் தொற்றும், ஆகவே மலசலகூடம் கட்டுங்கள் என்று அறக்கட்டளைக்காரர்கள் வற்புறுத்தினார்கள். தோட்டக்காரர்களுக்கு மருந்து பிடித்திருந்தது, ஏனென்றால் வேலை கூடும். கக்கூஸ் பிடிக்கவில்லை, ஏனென்றால் செலவு கூடும். கட்டிக் கொடுத்தாலும் கூலிகள் பாவிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. செருப்பு வாங்கிக் கொடுப்பது பற்றிப் பேச்சே எழவில்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆக அட்டைக்கடி என்பதும் சேத்துப்புண் என்பதும் பொய்ப் பெயர்கள் இல்லை. அந்தந்தக் காலத்தில் உண்மை. பிரச்சினை, அவை நிலைத்துப்போய் எல்லாக் கொப்புளத்துக்கும் பொருந்துகிற பெயர்களாகிவிட்டதுதான். நம்முடைய சொந்தச் சொற்களும் இதில் சளைத்தவை அல்ல. தமிழ்நாட்டில் கொப்புளம் கூட்டமாக வந்தால் அக்கி என்று சொல்லி, குயவரிடம் போய்க் காவி மண்ணால் எழுதிக்கொள்கிற வழக்கம் இருக்கிறது. நரம்பு வழியாக வரும் வைரஸ் அக்கி இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே அடங்கிவிடும் என்பதால், எழுதியதும் பலித்ததாகிவிடும். தானாக அடங்காத கொப்புளம் வரும்போதுதான் சிக்கல்.

அப்படி அடங்காத கொப்புளங்களுக்கு ஐரோப்பாவில் 'பெம்பிகஸ்' என்று பெயர். கிரேக்கத்தில் கொப்புளத்துக்கான சொல் அது. அவர்களும் நூற்றைம்பது வருசத்துக்கு மேல் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயருக்குள் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். 1953-இல்தான் பொஸ்டனில் வோல்ட்டர் லீவர் இரண்டைப் பிரித்துக் காட்டினார். ஒன்றில் மேல்தோலின் செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகும். கொப்புளம் மெல்லிசாக, தொய்ந்து, தொட்டதும் உடையும். வாயிலும் புண் வரும். இது பெம்பிகஸ். மற்றதில் மேல்தோல் முழுசாக அடித்தோலிலிருந்து கழன்று எழும்பும். கொப்புளம் கெட்டி, சட்டென்று உடையாது, வருவது பெரும்பாலும் அறுபது எழுபது தாண்டியவர்களுக்கு. இது பெம்பிகாய்ட். 1964-இல் பொய்ட்னரும் ஜோர்டனும் பெம்பிகஸ் நோயாளிகளின் இரத்தத்தில் தோலுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில வருசத்தில் பெம்பிகாய்டுக்கும் அதே மாதிரி கிடைத்தது. சேறும் அல்ல, அழுக்கும் அல்ல, பாவமும் அல்ல, உடம்பின் காவல்காரனே வீட்டைக் கொளுத்துகிறான் என்று உறுதியானது அப்போதுதான்.

பெயர் தெரிவதற்குச் சற்று முன்பே மருந்து வந்துவிட்டது. கோர்ட்டிசோன் கண்டுபிடிப்புக்கு 1950-இல் நோபல் பரிசு. அதற்கு முன்னால் பெம்பிகஸ் வந்தவர்களில் பெரும்பாலானோர் தீக்காயம் பட்டவர்கள் மாதிரி நீர் இழந்து, கிருமி ஏறி இறந்தார்கள். மருந்து வந்த பிறகு, வருசக்கணக்கில் அதிக அளவு ஸ்டீரொய்ட் சாப்பிட்டதாலேயே இறந்தார்கள். இந்தச் சிக்கலுக்கு நம் பக்கத்திலிருந்தே ஒரு விடை வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1980-களின் தொடக்கத்தில் டெல்லி எய்ம்ஸில் ஜே. எஸ். பஸ்ரீச்சா, தினமும் மாத்திரை கொடுப்பதற்குப் பதிலாக மாதம் ஒரு தடவை மூன்று நாள் 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனை நரம்பில் ஏற்றி, அதில் ஒரு நாள் சைக்ளோபொஸ்பமைட்டும் சேர்த்துக் கொடுக்கும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். வசதியில்லாத நோயாளிகள் நிரம்பிய அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்த முறை அது.

ஏழைகளுக்கும் இந்த நோய்க்குமான தொடர்பு பற்றிப் பேசினால் பிரேசிலைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே உள்நாட்டுக் கிராமங்களில் 'ஃபோகோ செல்வாஜெம்' என்று ஒரு பெம்பிகஸ் வகை இருக்கிறது. காட்டுத்தீ என்று பொருள். ஆற்றோரத்தில், மண் வீடுகளில், நிலத்தில் வேலை செய்யும் குடும்பங்களுக்குத்தான் அதிகம் வந்தது. கருப்பு ஈ போன்ற பூச்சிகளின் கடி அதைத் தூண்டிவிடுகிறது என்பது நீண்டகால ஆய்வின் முடிவு. அங்கே வறுமையும் பூச்சியும் எதிர்ப்புச் சக்தியும் ஒரே தோலில் சந்தித்தன. அதை யாரோ உட்கார்ந்து எண்ணினார்கள். மலையகத்தில் எண்ணினால் என்ன தெரியும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சரி, கால். ஏன் கால் மட்டும் இவ்வளவு குழப்பம்?

முப்பது நாற்பது வருசம் சரிவில் நின்று கொழுந்து பறித்தவர்களின் கால்களில் நாளம் புடைத்து, கணுக்கால் வீங்கி, தோல் கறுத்திருப்பதை எல்லா லயத்திலும் பார்க்கலாம். நின்றே செய்யும் வேலையும் பல பிரசவமும் நாளத்துக்கு எமன். இரத்தம் மேலே ஏறாமல் கீழேயே தேங்கும். வீக்கம் அதிகமானால் அந்த வீக்கத்தாலேயே கொப்புளம் எழும்பலாம். அதே சமயம் பெம்பிகாய்டும் சில பேருக்கு முழங்காலுக்குக் கீழே மட்டுமே தொடங்கும். ஏற்கெனவே வீங்கிய காலில் அது வருவதாகவும் வைத்திய நூல்களில் பதிவு இருக்கிறது. தேக்கம் தோலின் அடித்தளத்தைச் சேதப்படுத்தி, எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் அதைக் காட்டிக்கொடுக்கிறது என்பது ஒரு விளக்கம். இரண்டும் ஒரே காலில் இருந்தால் வெளியில் இருந்து பார்த்துப் பிரிப்பது கஷ்டம்.

பிரிக்காவிட்டால் நடப்பது இதுதான். நாளத் தேக்கத்துக்கு இறுக்கிக் கட்டுவது சரியான வைத்தியம். ஆனால் பெம்பிகாய்ட் தோல் கட்டோடு உரிந்து வரும். சீனி வருத்தத்திலோ புகைப்பழக்கத்திலோ தமனி அடைத்த காலில் இறுக்கிக் கட்டினால் வருகிற கொஞ்ச இரத்தமும் நின்று, விரலே கறுத்துப்போகலாம். கட்டுவதற்கு முன்னால் கணுக்கால் அழுத்தத்தையும் கை அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதற்கு ஐந்து பத்து நிமிடம் போதும். இன்னொரு பக்கம், பெம்பிகாய்டுக்கு ஸ்டீரொய்ட் மாத்திரை கொடுத்தால் சீனி ஏறும், ஏற்கெனவே இரத்த ஓட்டம் குறைந்த கால் இன்னும் மெதுவாக ஆறும். போதாக்குறைக்கு, சீனி வருத்தத்துக்கே கொடுக்கப்படும் வில்டாக்ளிப்டின் போன்ற கிளிப்டின் வகை மாத்திரைகள் சிலருக்குப் பெம்பிகாய்டைக் கிளப்பிவிடுகின்றன என்பது இப்போது நன்றாக உறுதியாகிவிட்டது. வயசானவர் ஒருவருக்குப் புதிதாகக் கொப்புளம் என்றால் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்ப்பது அவ்வளவு முக்கியம். நாமாக நிறுத்தக்கூடாது, கிளினிக்கில் காட்டிக் கேட்க வேண்டும்.

அரிப்பு வாரக்கணக்கில் இருந்து பிறகு கெட்டிக் கொப்புளம் வந்தால் தோல் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே தோலில் இரண்டு துண்டு எடுப்பார்கள். ஒன்று கொப்புளத்தின் ஓரத்தில், ஃபோர்மலினில் போட. மற்றது பக்கத்தில் நல்லாயிருக்கிற தோலில், எதிரிகளை ஒளிர வைத்துப் பார்க்கும் சோதனைக்கு. அந்த இரண்டாவதை ஃபோர்மலினில் போட்டால் சோதனை பாழ். இதெல்லாம் வைத்தியர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கதவு வரைக்கும் போவதற்கு ஒரு நாள் பேர் போகும், கூடப் போகிற மகளுக்கும் ஒரு நாள் பேர் போகும். பஸ் காசு தனி. காலைக் காட்டிவிட்டு வந்தால் அடுத்த கிளினிக் திகதி, மறுபடியும் இரண்டு பேர்.

எங்களுக்குக் கோபம் வருவது மருந்துகளின் விலையைப் பார்க்கும்போதுதான். விலை அதிகம் என்று அல்ல. 2002-இல் பிரான்சில் 341 பேரை வைத்து நடந்த ஆய்வில், உடம்பெல்லாம் பெம்பிகாய்ட் பரவியவர்களுக்கு மாத்திரைக்குப் பதிலாகக் குளோபெட்டசோல் களிம்பைப் பூசியபோது ஒரு வருசம் கழித்து 76 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டவர்களில் 58 சதவீதம்தான். 2017-இல் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேல். டொக்சிசைக்கிளின் என்ற பழைய, மலிவான கிருமிக்கொல்லி பெம்பிகாய்டை அடக்குகிறது. ஆறு வாரத்தில் ஸ்டீரொய்ட் மாத்திரை 91 சதவீதம் பேருக்குப் பலித்தது, இது 74 சதவீதம் பேருக்கு. ஆனால் கடுமையான பக்கவிளைவு ஸ்டீரொய்டில் 36 சதவீதம், இதில் 18. சீனியும் இரத்த ஓட்டக் குறைவும் உள்ள ஒரு காலுக்கு அந்த வித்தியாசம் சின்னது அல்ல.

அம்மாயிக்கு இப்போது அந்த இரண்டும்தான் போகிறது: களிம்பும் டொக்சிசைக்கிளினும். கொப்புளம் புதிதாக வரவில்லை. கெண்டைக்காலில் ஒரு புண் மட்டும் இன்னும் மூடவில்லை, நாளத் தேக்கம் இருக்கிறது அல்லவா. தமனி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு மெதுவாகக் கட்டு போடத் தொடங்கியிருக்கிறார்கள். யாராவது விசாரித்தால் அவர் இன்னும் 'அட்டைக்கடி' என்றுதான் சொல்கிறார். பெம்பிகாய்ட் என்று சொன்னால் தொத்து வியாதி என்று பயந்து பக்கத்தில் உட்கார மாட்டார்களாம்.